டிரிப்பும் நடையும்: கொல்லிமலை அடிவார வழக்கை முன்வைத்து ஓர் ஆங்கிலச் சிறுசொல்லின் பொருட்பரப்பு

நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் முள்ளுக்குறிச்சி. மலையில் விளைவன இறங்குவதும் சமவெளிப் பொருள்கள் ஏறுவதுமாகிய போக்குவரத்தே இத்தகைய அடிவார ஊர்களின் வாழ்வு. ஆகவே போய்வருதலைக் குறிக்கும் சொற்கள் இங்கு ஓயாமல் புழங்குகின்றன. அவற்றுள் மிகுதியாகக் காதில் விழுவது 'டிரிப்பு'. 'மொதல் டிரிப்பு போயிருச்சா?' என்பது பேருந்துக்குக் காத்திருப்பவரின் வினா. 'டிரிப்புக்கு எவ்வளவு கேக்கறே?' என்பது சரக்கேற்ற வந்தவரிடம் நிகழும் பேரம். 'ரெண்டு டிரிப்ஸ் ஏத்துனாங்க, காச்சல் நின்னுருச்சு' என்பது மருத்துவமனையிலிருந்து திரும்பியவரின் செய்தி. 'மோட்டாரு டிரிப் ஆயிருச்சு' என்பது கிணற்றுமேட்டுக் குறை. இவ்வழக்குகள் முள்ளுக்குறிச்சிக்கு மட்டும் உரியன அல்ல. கொங்குப் பகுதி முழுவதிலும், ஏறக்குறையத் தமிழகம் எங்கணும் கேட்கத்தக்கன. எனினும் கால்நடைப் போக்குவரத்து, சக்கரப் போக்குவரத்து, சுற்றுலா ஆகிய மூன்றும் ஒரே சாலைமுனையில் சந்திக்கும் மலையடிவாரத்தில் வைத்து நோக்கும்போது இச்சொல்லின் இயல்பு தெளிவாகப் புலப்படுகிறது.

'டிரிப்பு' என்பதற்குப் 'பயணம்' என்று பொருள் எழுதி, அதனை விலக்கத்தக்க ஆங்கிலக் கலப்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மேற்காட்டிய நான்கு தொடர்களுள் ஒன்றிலேனும் 'பயணம்' என்ற சொல்லை இட்டால் பொருள் சிதையாமல் நிற்பதில்லை. 'பயணத்துக்கு எவ்வளவு?' என்னும் வினா பயணியின் கட்டணத்தைப் பற்றியது. 'டிரிப்புக்கு எவ்வளவு?' என்பதோ உழைப்பவரின் கூலியைப் பற்றியது. இச்சொல் தமிழில் பயணத்தின் பெயராக அன்றி, உழைப்பை எண்ணும் ஓர் அளவைப் பெயராகவே முதன்மையாக வாழ்கிறது என்பதும், அவ்விடத்தில் முன்பே வாழ்ந்த 'நடை' என்னும் தமிழ்ச்சொல்லோடு அதற்குள்ள உறவு எளிய இடப்பறிப்பு அன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஒலி வடிவம்

சொல்லின் வடிவிலிருந்து தொடங்குவது தகும். ஆங்கில மூலம் ஓரசைச் சொல். தொடக்கத்தில் இரண்டு மெய்கள் இணைந்து நிற்பன, இறுதியில் வல்லின மெய் நிற்பது. தமிழ் மொழிமுதல் மரபு மெய்ம்மயக்கத்தையும் டகரத்தையும் ஏற்பதில்லை. மொழியிறுதி மரபு வல்லின மெய்யை ஏற்பதில்லை. இவற்றுள் மொழிமுதல் டகரத் தடையைப் பேச்சுத்தமிழ் நெடுங்காலமாகவே தளர்த்திவிட்டது. மற்ற இரண்டையும் காத்துக்கொண்டது. இடையில் இகரம் புகுந்து மயக்கத்தைப் பிரித்தது. ஈற்றில் உகரம் சேர்ந்து பகரம் இரட்டித்தது. விளைவு 'டிரிப்பு'.

இரட்டிப்புக்குக் காரணம் உண்டு. தமிழில் இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட தனி வல்லினம் மெலிந்து ஒலிக்கும். 'டிரிபு' என்று நின்றிருந்தால் மூலத்தின் வன்மை கெட்டிருக்கும். அதனைக் காக்கவே பகரம் இரட்டித்தது. சரக்குப் போக்குவரத்தில் இதனோடு இணைபிரியாமல் வழங்கும் 'லோடு' என்னும் சொல்லை ஒப்பிட்டால் இது விளங்கும். அதன் மூலத்தில் ஈற்றொலி மெலிந்தது, ஆகவே டகரம் இரட்டிக்கவில்லை. இரு சொற்களையும் பள்ளிக்குச் செல்லாதவரும் பிழையின்றி இவ்வாறே வேறுபடுத்துகின்றனர்.

உகரம் ஏற்பதும் இரட்டிப்பதும் கடன்சொல்லுக்கென வந்த புது ஏற்பாடு அன்று. 'கல்' கல்லு ஆவதும் 'முள்' முள்ளு ஆவதும் இதனோடு ஒத்த நிகழ்வே. 'குறிச்சி' என்பது குறிஞ்சித்திணை ஊரின் பெயராகப் பொருளிலக்கண மரபு சுட்டும் பழஞ்சொல். அதன் முன்னே 'முள்ளு' எனப் பேச்சுவடிவம் நிற்கும் ஊர்ப்பெயர் ஒன்றின் தெருவில் 'டிரிப்பு' ஒலிக்கிறது. இரண்டிலும் ஈற்று உகரம் ஒன்றே. வடசொல் தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தினால் செய்யுட்சொல்லாகக் கொள்ளப்படும் என்பது தொல்காப்பிய எச்சவியலின் நெறி. அந்நெறியை ஆங்கிலச் சொற்களுக்கும் நீட்டினால் 'டிரிப்பு' பேச்சுவழக்கின் தேர்வில் ஏறக்குறைய வென்றுவிட்ட சொல்லாகும். மொழிமுதல் டகரம் ஒன்றே தடை.

இரண்டு சொற்கள், ஒரு வடிவம்

மேலே காட்டிய தொடர்களில் மருத்துவமனைத் தொடர் மட்டும் வேறொரு சொல்லைச் சேர்ந்தது. நரம்புவழி நீர்மம் ஏற்றுவதைக் குறிக்கும் சொல்லின் ஆங்கில மூலம் சொட்டுதல் என்னும் பொருளுடையது. போய்வருதலைக் குறிக்கும் மூலமோ துள்ளி அடிவைத்தல் என்னும் பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் முதலெழுத்தால் வேறுபடும். தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு இல்லை. பேச்சிலும் வேறுபாடு பலரிடம் நிலைப்பதில்லை. ஆகவே தொடர்பற்ற இரு சொற்கள் தமிழில் ஒருவடிவப் பலபொருட் சொல்லாக நிற்கின்றன.

இந்நெருக்கடியைப் பேச்சுவழக்கு தீர்த்துக்கொண்ட முறை நுட்பமானது. மருத்துவப் பொருளில் ஆங்கிலப் பன்மை ஈறு ஒட்டிக்கொண்டு 'டிரிப்ஸ்' என்ற வடிவம் உறைந்துவிட்டது. 'ஒரு டிரிப்ஸ்' என்பது இயல்பான தொடர், அங்கே ஈறு பன்மையை உணர்த்துவதில்லை. போக்குவரத்துப் பொருளில் அவ்வீறு வருவதே இல்லை. 'பஸ்ஸு ரெண்டு டிரிப்ஸ் வந்துச்சு' என்று அடிவாரத்தில் எவரும் சொல்வதில்லை. எழுத்தில் இழந்த முதலொலி வேறுபாட்டை ஈற்றால் ஈடுசெய்துகொண்ட நிலை இது. வினையும் பிரிவினைக்குத் துணைநிற்கிறது. ஒன்று 'ஏற்ற'ப்படுவது, மற்றது 'அடிக்க'ப்படுவது.

சொட்டுநீர்ப் பாசனத்தைக் குறிக்கும் 'டிரிப்பு' மட்டும் இவ்வொழுங்குக்கு அடங்கவில்லை. 'காட்டுக்கு டிரிப்பு போட்டாச்சு' என்னும்போது ஈறும் உகரமே. 'காடு' என்னும் இடச்சொல்லும் 'போடு' என்னும் வினையுமே பொருளைக் காக்கின்றன. இப்பொருளில் 'சொட்டுநீர்' என்ற தமிழ்ச்சொல் நன்கு ஊன்றியிருப்பதும் கருதத்தக்கது. மானிய விண்ணப்பத்திலும் வேளாண் அலுவலரின் பேச்சிலும் அச்சொல்லே வருகிறது, கருவியின் செயலையும் அது கண்முன் நிறுத்துகிறது. ஒரு கலைச்சொல் ஊன்றுவதற்கு இவ்விரண்டும் போதும்போலும். மின்னோட்டம் தானே துண்டித்துக்கொள்வதைக் குறிக்கும் 'டிரிப் ஆகு' என்பதற்கு அப்பேறு வாய்க்கவில்லை. அது முதற்சொல்லின் கிளைப்பொருளே ஆயினும் பேசுவோர் உணர்வில் தனிச்சொல்லாகிவிட்டது. உகரம் ஏற்காமல் 'ஆகு' என்னும் துணைவினையோடு மட்டுமே வருகிறது.

நடை என்னும் பழைய அளவை

ஒருமுறை போய்வருதலைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. 'ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வா', 'தண்ணிக்கு நாலு நடை நடந்தாச்சு' என்பன இன்றும் வழங்கும் தொடர்கள். 'நடை' என்னும் சொல்லின் பொருள்கள் பல. நடக்கும் செயல், ஒழுக்கம், எழுத்தின் பாங்கு, கோயில் வாயில், வீட்டின் இடைகழி என விரிவன. அவற்றினிடையே எண்ணுப்பெயரோடு சேர்ந்து வரும்போது மட்டும் அது போய்வருதலின் அளவையாகிறது. அந்நிலையில் பன்மை ஈறு ஏற்பதில்லை. 'நாலு நடைகள் போனேன்' என்பது பேச்சுத்தமிழ் அன்று.

மோட்டார்ச் சாலை வருமுன் கொல்லிமலையின் விளைபொருள் ஒற்றையடிப் பாதைகளில் தலைச்சுமையாக இறங்கியது. அங்கே சுமப்பவரும் நடப்பவரும் ஒருவரே ஆதலால் 'நடை' அளவை தன் வேர்ப்பொருளை இழக்கவில்லை. சமவெளியில் மாட்டுவண்டி வந்தபோது அளவை இரண்டாகப் பிரிந்தது. 'பத்து வண்டி எரு' என்பதில் வண்டி கொள்ளளவின் பெயர். 'பத்து நடை' என்பதில் நடை செலவின் பெயர். பொருள் வாங்குபவருக்கு முன்னது வேண்டும், வண்டியோட்டிக்குக் கூலி கணக்கிடப் பின்னது வேண்டும். நடப்பது மாடு என்றாலும் அங்கும் கால்கள் நடந்தன. எனவே சொல் பொருந்தி நின்றது.

லாரியும் டிராக்டரும் டெம்போவும் வந்தபின் இவ்விரட்டை அப்படியே பெயர்ந்தது. 'வண்டி' இருந்த இடத்தில் 'லோடு', 'நடை' இருந்த இடத்தில் 'டிரிப்பு'. லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலால் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் இப்பெயர்ச்சி வலுவாக நிகழ்ந்திருப்பதில் வியப்பில்லை. 'ரெண்டு லோடு மண்ணு' என்பது வாங்கியவரின் கணக்கு. 'ரெண்டு டிரிப்பு' என்பது ஓட்டியவரின் கணக்கு. ஒரு லோடு இரண்டு டிரிப்பாகப் பிரிவதும் உண்டு, மழைக்காலத்தில் சேற்றுவழியில் பாரத்தைக் குறைத்து ஏற்றும்போது அவ்வாறு நேரும். அப்போதுதான் இரு சொற்களும் ஒருபொருட் சொற்கள் அல்ல என்பது கூலித் தகராறாக வெளிப்படும். இங்கு ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேலம், நாமக்கல் பகுதியின் பெரும்பயிரான மரவள்ளிக்கிழங்கு ஜவ்வரிசி ஆலையில் எடையாலும் மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்காலும் விலை பெறுகிறது. விளைவித்தவருக்கு வரும் பணத்தின் அளவைகள் டன்னும் பாயிண்டும். அதனை ஏற்றிச்சென்ற வண்டிக்காரருக்கு வரும் பணத்தின் அளவை டிரிப்பு. ஒரே கிழங்கு, ஒரே நாள், அளவைகள் வேறு.

இலக்கண நடத்தையிலும் 'டிரிப்பு' பழைய அளவைச் சொல்லின் தடத்திலேயே செல்கிறது. எண்ணோடு சேரும்போது பன்மை ஈறு ஏற்பதில்லை. 'டிரிப்புக்கு' என நான்காம் வேற்றுமை ஏற்று வீதப்பொருள் தருகிறது. 'டிரிப்பு டிரிப்பா இறக்குனாங்க' என அடுக்கி வந்து தவணைப்பொருள் தருகிறது. 'காலை டிரிப்புக்காரங்க' எனக் 'காரர்' விகுதி ஏற்று ஆட்பெயராகிறது. இவற்றுள் எதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்தது அன்று. மொழித்தொடர்பு ஆய்வில் எய்னர் ஆகன் 1950இல் வெளியிட்ட கட்டுரை, கடன்சொல்லில் ஒலிவடிவப் பெயர்வையும் பொருளளவில் நிகழும் பதிலீட்டையும் பிரித்துக் காணும் நெறியை வகுத்தது. 'டிரிப்பு' ஒலியால் ஆங்கிலம். இலக்கணத்தால் அது 'நடை'யின் வாரிசு.

வினைச்சேர்க்கையில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. நடை 'போ', 'நட' என்னும் வினைகளை ஏற்கும். டிரிப்பு அவற்றோடு 'அடி', 'எடு', 'ஓட்டு' என்பனவற்றையும் ஏற்கும். 'இன்னைக்கு நாலு டிரிப்பு அடிச்சேன்' என்பதில் 'அடி' திரும்பத்திரும்பச் செய்யும் கடுவுழைப்பின் வினை. 'லோடு அடித்தல்', 'மண் அடித்தல்' என்பனவும் அவ்வகையின. 'நாலு நடை அடிச்சேன்' என்ற தொடர் கொங்குச் செவிக்கு ஒவ்வாது. இந்த ஒவ்வாமையே எல்லைக்கோட்டைக் காட்டுகிறது. கால் நடந்தால் நடை, சக்கரம் உருண்டு கூலி கணக்கானால் டிரிப்பு. வீட்டுக்குக் குடம் சுமக்கும் பெண்ணின் போய்வருதலுக்குக் கூலி இல்லை. அது இன்றும் பெரிதும் 'நடை'யாகவே எண்ணப்படுகிறது. அதே தண்ணீரை வண்டித் தொட்டியில் கொண்டுவந்தால் அது டிரிப்பாகிவிடுகிறது. ஆங்கிலச் சொல் தமிழ்ச்சொல்லை வெளியேற்றியது என்னும் வழக்கமான விளக்கம் இங்குப் போதாது. பணக்கணக்கு புகுந்த இடத்தைப் புதுச்சொல் எடுத்துக்கொண்டது, புகாத இடத்தில் பழஞ்சொல் நிற்கிறது.

சாலையில் இரு பொருள்

பேருந்து வழக்கில் வேறொரு வளர்ச்சி காணப்படுகிறது. அங்கே டிரிப்பு எண்ணப்படும் அளவையாக இருப்பதோடு பெயர்சுட்டும் பொருளாகவும் ஆகிறது. 'ஏழுமணி டிரிப்பு', 'கடைசி டிரிப்பு' என்பன ஏறக்குறைய இயற்பெயர்கள். மலையூர்களுக்குச் செல்பவருக்குக் 'கடைசி டிரிப்பு' என்ற தொடரின் கனம் நகரத்தாருக்கு விளங்குவது அரிது. அதனைத் தவறவிட்டவர் அடிவாரத்திலேயே இரவைக் கழிக்க நேரலாம். 'டிரிப்பக் கட் பண்ணிட்டாங்க' என்பதில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் தமிழ் வேற்றுமையோடும் வினையோடும் இணைந்து ஒரு முறையீடாகின்றன. ஒரு முழு வழித்தடம் நிறுத்தப்பட்டால்தான் செய்தி. ஒரு டிரிப்பு நின்றால் அது அவ்வூரின் துன்பம் மட்டுமே.

பேருந்துப் போக்குவரத்து தமிழகத்தில் 1970களின் தொடக்கத்தில் அரசுடைமையாகி, சேலம் பகுதிக்கு 1973இல் அண்ணா போக்குவரத்துக் கழகம் அமைந்தது. 1956இன் ஆட்சிமொழிச் சட்டம் முன்பே நடைமுறையில் இருந்தமையால் இத்துறையில் தமிழ்ச்சொற்கள் பெருமளவு வேரூன்றின. பேருந்து, ஓட்டுநர், நடத்துநர், வழித்தடம் என்பன அறிவிப்புப் பலகைகளிலிருந்து நாளிதழ்களுக்கும் அங்கிருந்து எழுத்துத்தமிழ் முழுவதற்கும் பரவின. 'டிரிப்பு' என்பதற்கு அத்துறை எழுதும் சொல் 'நடை' என்பதே. 'கூடுதல் நடைகள் இயக்கப்படும்' என்பது செய்தி அறிவிப்பின் நிலையான வாய்பாடு. மாட்டுவண்டியோடு பின்தங்கிய சொல்லை ஆட்சித்தமிழ் மீட்டெடுத்துச் சக்கரத்தின்மேல் ஏற்றியது எனலாம். மீட்டெடுத்தபோது அது 'நடைகள்' எனப் பன்மை ஈறு பெற்றதை நோக்க வேண்டும். பேச்சின் அளவைப்பெயர் அலுவலகத்தில் எண்ணத்தக்க பொருட்பெயராக மாறிவிட்டது. மக்கள் வாயில் அது இன்னும் திரும்பிவரவில்லை. பேருந்துக்கு 'நடை' என்று எழுதுபவர் பலரும் பேசும்போது 'டிரிப்பு' என்றே சொல்வர். இவ்விரட்டை வழக்கைக் குறை என்று கொள்ள வேண்டியதில்லை. இரட்டைவழக்கு மொழியான தமிழுக்கு இது இயல்பு.

சுற்றுலாவினரின் 'டிரிப்' இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை இருசக்கர வண்டி இளைஞரை ஈர்ப்பது. 'கொல்லிமலைக்கு ஒரு டிரிப் போலாமா?' என்னும்போது சொல்லுக்கு ஈற்று உகரம் இல்லை, எண் 'ஒரு' என்பதைத் தாண்டுவதும் அரிது, வினை 'போ' அல்லது 'போடு'. அதாவது இது அளவை அன்று, நிகழ்ச்சியின் பெயர். ஆங்கிலப் பொருளுக்கு மிக நெருங்கியதும் இதுவே. வேன் அமர்த்தி வரும் குடும்பத்துக்கும் வேன் ஓட்டுநருக்கும் நிகழும் பேச்சில் இரு பொருள்களும் ஒரே தொடரில் மோதுகின்றன. குடும்பம் 'டிரிப்' என்று கருதுவது அரப்பளீசுவரர் கோயிலும் ஆகாயகங்கை அருவியும் அடங்கிய இரண்டு நாள் மகிழ்ச்சியை. ஓட்டுநர் 'டிரிப்பு' என்று கருதுவது மேலேறிக் கீழிறங்கும் ஒரு கணக்கை. இரண்டாம் நாள் காலை மீண்டும் ஓரிடத்துக்கு ஓட்டச் சொன்னால் அது அதே டிரிப்பா, வேறு டிரிப்பா என்னும் கேள்வி எழுகிறது. ஈற்று உகரம் இருப்பதும் இல்லாததும் பணமாக மாறும் இடம் இது.

வாடகை ஊர்திகளுக்கு முன்பு வழங்கிய 'சவாரி' என்னும் சொல்லும் கடனே, பாரசீக வழி வந்தது. குதிரைவண்டி முதல் ஆட்டோ வரை அது தொடர்ந்தது. ஆள் ஏறினால் சவாரி, சரக்கு ஏறினால் டிரிப்பு என்னும் பழைய பாகுபாடு இப்போது நெகிழ்ந்து, ஆள் ஏறினாலும் 'டிரிப்பு கெடைக்கல' என்று ஓட்டுநர் சொல்லத் தொடங்கியுள்ளனர். ஒரு கடன்சொல்லை மற்றொரு கடன்சொல் நெருக்குவதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை என்பதையும் இடையே குறிப்பிடலாம்.

அகராதிப் பதிவு

வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் முயற்சிகளுள் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் முன்னோடிகள். மறைந்துவரும் சொற்களைக் காப்பது இத்தகைய தொகுப்புகளின் தலையாய நோக்கம், அது தேவையானதும் ஆகும். ஆயினும் 'நடை'யின் இன்றைய எல்லையை அறியாமல் அதன் பொருளை வரையறுக்க இயலாது. அவ்வெல்லையின் மறுபக்கத்தில் நிற்பது 'டிரிப்பு'. ஒன்றைப் பதிந்து மற்றொன்றை விட்டால் இரண்டுமே பாதியாகப் பதிவாகும். நாட்டார் வழக்கைத் தொகுக்கச் செல்லும் ஆய்வு மாணவர் கடன்சொல் வந்தவுடன் ஒலிப்பதிவைக் கவனியாமல் விடும் பழக்கம் இக்காரணத்தால் மாற வேண்டும்.

பதிவு செய்யும்போது இரண்டு தலைச்சொற்கள் வேண்டும். முதலாவது 'டிரிப்பு'. எண்ணோடு வரும் அளவைப்பெயர் என்பதை முதற்பொருளாகவும், பேருந்தின் குறித்தநேர ஓட்டம் என்பதை இரண்டாம் பொருளாகவும், உல்லாசப் பயணம் என்பதைப் 'டிரிப்' என்ற வடிவ வேறுபாட்டுடன் மூன்றாம் பொருளாகவும் தருதல் தகும். வழக்கு மிகுதியால் இவ்வரிசை அமைகிறது, ஆங்கில அகராதியின் வரிசை இங்குப் பொருந்தாது. இரண்டாம் தலைச்சொல்லின்கீழ் 'டிரிப்ஸ்' என்பதும் சொட்டுநீர்ப் பொருளும் அடங்கும். 'டிரிப் ஆகு' முதற்சொல்லின்கீழ்க் கூட்டுவினையாக நிற்கும்.

முதற்பொருளின் விளக்கத்தில்தான் சிக்கல் மிகுதி. சரக்கு வழக்கில் ஒரு டிரிப்பு என்பது ஏற்றிச்சென்று வெறுவண்டியாகத் திரும்புவதுவரை. பேருந்து வழக்கில் பயணிக்கு அது ஒருவழி. இராசிபுரம் செல்வது ஒரு டிரிப்பு, திரும்புவது அடுத்த டிரிப்பு. 'நடை' என்னும் சொல்லிலும் இந்த ஈரடி உண்டு. குடம் சுமப்பவரின் நடை போய்வருதல் இரண்டையும் உள்ளடக்கும், பேருந்து அறிவிப்பின் நடை பெரும்பாலும் ஒருவழியே. எனவே விளக்கத்தில் 'போய்வருதல்' என்று மட்டும் எழுதாமல், சரக்கிலும் சுமையிலும் இருவழி, பேருந்தில் ஒருவழி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தொடரும் தர வேண்டும்.